சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சியும் தமிழ்நாடும்

சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சி என்பது கிழக்கு ஐரோப்பாவில் 1989 ஆம் ஆண்டில் தொடங்கி, 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் 15 தனி நாடுகளாகப் பிரிந்ததுடன் முடிவுற்ற நிகழ்வுத் தொடரைக் குறிக்கும். இந்நிகழ்வு இரண்டாம் உலகப் போரின் முடிவில் இரண்டாகப் பிளவுபட்ட ஐரோப்பாவை மீண்டும் இணைத்தது. அதே வேளையில், சோவியத் ஒன்றியத்துடன் நெருங்கிய உறவு கொண்டிருந்த இந்தியாவிலும் இது ஆழமான மாற்றங்களை ஏற்படுத்தியது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ஆவடியின் பீரங்கி வண்டித் தொழிற்சாலை, கூடங்குளம் அணுமின் நிலையத் திட்டம், நீலகிரித் தேயிலை மற்றும் தோல் பொருள் ஏற்றுமதி, மாஸ்கோவிலிருந்து வெளிவந்த தமிழ் நூல்கள், பொதுவுடைமைக் கட்சிகளின் கொள்கை ஆகியவை இம்மாற்றத்தை நேரடியாக எதிர்கொண்டன.

பின்னணி: பிளவுண்ட ஐரோப்பா

1945 இல் நாட்சி ஜெர்மனி தோற்கடிக்கப்பட்டபோது, அதன் கிழக்குப் பகுதியும் போலந்து, ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா போன்ற நாடுகளும் சோவியத் படைகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. செக்கோசிலோவாக்கியாவில் 1948 இல் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. மேற்குப் பகுதி ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு ஆகியவற்றின் செல்வாக்கில் இருந்தது. 1946 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் ஃபுல்டன் நகரில் உரையாற்றிய வின்ஸ்டன் சர்ச்சில், ஐரோப்பாவின் குறுக்கே விழுந்த இப்பிரிவினையை "இரும்புத் திரை" என்று குறிப்பிட்டார். இச்சொல் பின்னர் நிலைபெற்றது.

1949 இல் ஜெர்மனி இரு நாடுகளாகியது. அதே ஆண்டில் மேற்கு நாடுகள் நேட்டோ என்னும் படைக் கூட்டணியை அமைத்தன. கிழக்கு நாடுகள் 1955 மே மாதத்தில் வார்சா உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு ஜெர்மனி பெர்லின் நகரின் குறுக்கே எல்லையை மூடியது. அங்கு எழுந்த சுவர் அடுத்த 28 ஆண்டுகளுக்குக் கண்டத்தின் பிரிவினைக்கு அடையாளமாக நின்றது. கிழக்கு ஐரோப்பிய மக்கள் தம் ஆட்சிகளுக்கு எதிராக எழுந்தபோது, ஹங்கேரியில் 1956 இலும், செக்கோசிலோவாக்கியாவில் 1968 இலும் சோவியத் படைகள் நுழைந்து அவ்வெழுச்சிகளை ஒடுக்கின.

அணிசேரா இந்தியாவும் ஆவடி மாநாடும்

விடுதலை பெற்ற இந்தியா இரு அணிகளிலும் சேரவில்லை. எனினும் பொருளாதாரத் துறையில் திட்டமிட்ட வளர்ச்சி, அரசுடைமைத் தொழில்கள் ஆகிய சோவியத் கருத்துகள் இந்தியத் தலைவர்களை ஈர்த்தன. இக்கொள்கை முறையான வடிவம் பெற்ற இடம் சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி, திருமழிசை ஆகிய ஊர்களுக்கு வடக்கே அமைந்துள்ள ஆவடி ஆகும்.

1955 சனவரியில் இந்திய தேசியக் காங்கிரசின் 60 ஆவது மாநாடு ஆவடியில் நடைபெற்றது. யு. என். தேபர் தலைமை வகித்தார். அப்போது காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தார். "சோசலிசப் பாணிச் சமுதாயம்" அமைப்பதே திட்டமிடுதலின் நோக்கம் என்னும் தீர்மானம் இம்மாநாட்டில் நிறைவேறியது. இதனைத் தொடர்ந்து 1956 இன் தொழிற்கொள்கைத் தீர்மானமும், கனரகத் தொழில்களுக்கு முதன்மை தந்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் (1956–1961) வந்தன.

ஆவடித் தீர்மானம் பொதுவுடைமையை ஏற்கவில்லை. தனியார் தொழிலும் தேர்தல் மக்களாட்சியும் தொடர்ந்தன. எனினும் இக்கொள்கைக்கு ஏற்ற துணை நாடாகச் சோவியத் ஒன்றியம் விளங்கியது. மேற்கு நாடுகள் அரசுத் துறைக்குக் கனரகத் தொழில்நுட்பம் தருவதில் தயக்கம் காட்டிய நிலையில், சோவியத் ஒன்றியம் குறைந்த வட்டிக் கடனுடன் அதனை வழங்க முன்வந்தது. இதற்கான உடன்பாடுகளில் புகழ்பெற்றது 1955 பிப்ரவரியில் கையெழுத்தான பிலாய் உருக்காலை உடன்பாடு ஆகும்.

இந்நெருக்கத்திற்கு ஒரு விலையும் இருந்தது. சோவியத் படைகள் ஹங்கேரியில் நுழைந்ததைக் கண்டிக்கும் தீர்மானங்களை 1956 நவம்பரில் ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியா ஆதரிக்கவில்லை. 1968 இல் செக்கோசிலோவாக்கியா குறித்த பாதுகாப்பு அவைத் தீர்மானத்தின் போது வாக்களிக்காமல் விலகி நின்றது. காலனி ஆதிக்கத்தை எதிர்த்த நாடு இங்கு அமைதி காத்தது ஏன் என்ற கேள்வி இந்திய நாடாளுமன்றத்திலேயே எழுப்பப்பட்டது. 1971 ஆகஸ்ட் 9 அன்று இந்திய-சோவியத் நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தான பின் இவ்வுறவு மேலும் இறுகியது.

தமிழ்நாட்டில் சோவியத் கூட்டுறவு

நெய்வேலி

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 இல் தொடங்கப்பட்டது. அதன் முதலாம் அனல்மின் நிலையம் சோவியத் தொழில்நுட்ப உதவியுடன் அமைந்தது. முதல் 50 மெகாவாட் அலகு 1962 இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் மொத்தத் திறன் 600 மெகாவாட் ஆக உயர்ந்தது. இதற்கு மாறாக, சுரங்கத்தில் மண்ணையும் நிலக்கரியையும் வெட்டி எடுத்த பெரும் சக்கர வாளி இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. ஐரோப்பாவில் எதிரெதிர் அணிகளில் நின்ற இரு நாடுகளின் இயந்திரங்கள் நெய்வேலியில் ஒரே பணியில் அடுத்தடுத்து இயங்கின. அணிசேராக் கொள்கை நடைமுறையில் எவ்வாறு செயற்பட்டது என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

திருச்சிராப்பள்ளியும் நந்தம்பாக்கமும்

திருச்சிராப்பள்ளியில் 1960களில் எழுந்த உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை (இன்றைய பெல் நிறுவனத்தின் ஆலை) செக்கோசிலோவாக்கியாவின் உதவியுடன் நிறுவப்பட்டது. சென்னை நந்தம்பாக்கத்தில் சோவியத் உதவியுடன் அறுவை மருத்துவக் கருவித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. சோவியத் மருத்துவமனைகளுக்காக வடிவமைக்கப்பட்ட கருவிகளை இந்திய மருத்துவர்கள் விரும்பாததால் இவ்வாலை தொடக்கம் முதலே இடர்ப்பட்டது. ஒரு நாட்டின் வடிவமைப்பை மற்றொரு நாட்டின் தேவையை ஆராயாமல் பெயர்த்து வைப்பதில் உள்ள இடரை இது காட்டியது.

ஆவடி

ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961 இல் நிறுவப்பட்டது. இங்கு முதலில் உருவான பீரங்கி வண்டி பிரித்தானியாவின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பிலான விஜயந்தா ஆகும். முதல் விஜயந்தா 1965 இல் வெளிவந்தது. 105 மில்லிமீட்டர் பீரங்கி கொண்ட இவ்வண்டியை நால்வர் இயக்கினர்.

1970களின் இறுதியில் இந்தியத் தரைப்படை சோவியத் டி-72 வண்டியைத் தேர்ந்தெடுத்தது. இது ஏறத்தாழ 41 டன் எடையும் 125 மில்லிமீட்டர் பீரங்கியும் உடையது. குண்டுகளை நிரப்பத் தானியங்கி அமைப்பு இருந்ததால் மூவரே இதனை இயக்கப் போதுமானவர்களாக இருந்தனர். உரிமம் பெற்ற உற்பத்தி ஆவடியில் 1980களின் பிற்பகுதியில் தொடங்கியது. இந்திய வண்டிக்கு அஜேயா எனப் பெயரிடப்பட்டது. இதற்குரிய பொறிகளை உருவாக்குவதற்கென ஆவடியில் தனிப் பொறித் தொழிற்சாலை ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது.

உரிம உற்பத்தி படிப்படியாக நிகழ்வது. முதலில் முழு வண்டிகள் இறக்குமதியாகும். அடுத்து, பிரித்து அனுப்பப்பட்ட உறுப்புகள் இங்கு பொருத்தப்படும். பின்னர் ஒவ்வோர் உறுப்பாக உள்நாட்டில் செய்யப்படும். இம்முறையில் கடைசிக் கட்டத்தை எட்டும் வரை, வடிவமைத்த நாட்டிலிருந்து உறுப்புகள் தடையின்றி வந்துகொண்டிருக்க வேண்டும். ஆவடி இடைக்கட்டத்தில் இருந்தபோதே சோவியத் ஒன்றியம் மறைந்தது.

தமிழ் நூல்கள்

சோவியத் உறவின் மிகப் பரவலான வெளிப்பாடு நூல்களில் இருந்தது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம், அறிவியல் நூல்களுக்கான மீர் பதிப்பகம், 1980களில் இலக்கியத்திற்கெனத் தனியே அமைந்த ராதுகா பதிப்பகம் ஆகியவை தமிழில் நூல்களை அச்சிட்டன. 1951 இல் சென்னையில் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் தமிழ்நாட்டில் அவற்றை விற்பனை செய்தது. சோவியத் அரசின் மானியத்தால் கெட்டி அட்டையும் நல்ல தாளும் கொண்ட இந்நூல்கள் மிகக் குறைந்த விலையில் கிடைத்தன. புத்தகக் கடை இல்லாத சிற்றூர்களுக்கும் ஊர்திகளில் எடுத்துச் செல்லப்பட்டு விற்கப்பட்டன.

மாக்சிம் கார்க்கியின் தாய் புதினத்தைத் தொ. மு. சி. ரகுநாதன் மொழிபெயர்த்தார். தல்ஸ்தோயின் புத்துயிர்ப்பு, தஸ்தயேவ்ஸ்கியின் வெண்ணிற இரவுகள் ஆகியவை ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில் வந்தன. பரீஸ் பொலெவோயின் உண்மை மனிதனின் கதையைப் பூ. சோமசுந்தரம் தமிழாக்கினார். பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் முதலியோர் மாஸ்கோவிலேயே தங்கிப் பணியாற்றியவர்கள். கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் கதைகள் தமிழ் வாசகரிடையே தனி இடம் பெற்றன. திறனாய்வாளர் தி. க. சிவசங்கரன் சென்னையில் இருந்த சோவியத் செய்தித் துறையில் நெடுங்காலம் பணிபுரிந்தார். சோவியத் நாடு இதழ் தமிழிலும் வெளிவந்தது. மாஸ்கோ வானொலி தமிழில் ஒலிபரப்பியது.

இப்போக்குவரத்து இரு வழியில் நடந்தது. செம்யோன் ரூதின், மிகயீல் அந்திரோனவ், வித்தாலி ஃபூர்னிக்கா, அலெக்சாந்தர் துப்யான்ஸ்கி முதலிய ரஷ்ய அறிஞர்கள் தமிழ் கற்று ஆய்வு செய்தனர்.

இந்நூல்களுக்கு ஓர் எல்லையும் இருந்தது. சோவியத் ஆட்சியின் சிறை முகாம்கள், 1930களின் பஞ்சம், கட்சிக்குள் நடந்த களையெடுப்புகள் ஆகியவை பற்றி எழுதியவர்களின் படைப்புகள் இவ்வழியில் தமிழுக்கு வரவில்லை. குறைந்த விலையில் கிடைத்த உலக இலக்கியமும், அரசின் பரப்புரையும் ஒரே அட்டைப்பெட்டியில் வந்தன.

ரூபாய்-ரூபிள் வணிகம்

இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் டாலர் இன்றி வணிகம் செய்தன. இதற்கான முதல் வணிக உடன்பாடு 1953 டிசம்பரில் ஏற்பட்டது. இம்முறையின்படி, இந்தியா வாங்கிய எண்ணெய், இயந்திரங்கள், படைக்கலங்கள் ஆகியவற்றுக்கான தொகை ரூபாயில் இந்தியாவில் உள்ள கணக்கில் வைக்கப்படும். சோவியத் ஒன்றியம் அத்தொகையைக் கொண்டு இந்தியப் பொருட்களையே வாங்க இயலும். டாலராக மாற்ற இயலாது.

இதனால் இந்தியாவுக்கு இரண்டு நன்மைகள் கிடைத்தன. அரிதாக இருந்த வெளிநாட்டுச் செலாவணி மிச்சமானது. மேலும், இந்திய ஏற்றுமதிக்கு உறுதியான சந்தை அமைந்தது. தமிழ்நாட்டிலிருந்து நீலகிரித் தேயிலை, தோல் பொருட்கள், துணிகள் முதலியவை இவ்வழியில் சென்றன. 1990–91 இல் இந்தியாவின் மொத்த ஏற்றுமதியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சோவியத் ஒன்றியத்திற்குச் சென்றது.

குறையும் உண்டு. கொள்முதல் அரசு நிறுவனங்களின் வழியே மொத்தமாக நடந்தது. ஆகவே சில துறைகளில் ஏற்றுமதியாளர்கள் கடுமையான தரப் போட்டியைச் சந்திக்க வேண்டிய தேவை எழவில்லை. அச்சந்தை திடீரென மறைந்தபோது இது பெரும் இடராக மாறியது.

வீழ்ச்சி (1989–1991)

1985 மார்ச்சில் சோவியத் பொதுவுடைமைக் கட்சியின் பொதுச்செயலாளரான மிகயீல் கொர்பச்சோவ், மறுசீரமைப்பு (பெரஸ்த்ரோய்க்கா), வெளிப்படைத்தன்மை (கிளாஸ்னஸ்த்) ஆகிய கொள்கைகளை அறிமுகப்படுத்தினார். கிழக்கு ஐரோப்பிய ஆட்சிகளைக் காக்கப் படை அனுப்புவதில்லை என்ற முடிவே இவற்றுள் தொலைவிளைவு மிக்கது. சொந்த மக்களின் ஆதரவு இல்லாத அவ்வாட்சிகள் படைப் பாதுகாப்பு விலகியவுடன் நிலைகுலைந்தன.

1989 சூன் 4 அன்று போலந்தில் நடந்த தேர்தலில் ஒற்றுமை (சாலிடாரிட்டி) இயக்கம் பெரும் வெற்றி பெற்றது. ஹங்கேரி செப்டம்பரில் தன் ஆஸ்திரிய எல்லையைக் கிழக்கு ஜெர்மானியருக்குத் திறந்துவிட்டது. நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறக்கப்பட்டது. செக்கோசிலோவாக்கியாவில் மாற்றம் அமைதியாக நிகழ்ந்தது. ருமேனியாவில் மட்டும் குருதி சிந்தப்பட்டது. அதிபர் நிக்கோலாய் செளசெஸ்கு டிசம்பர் 25 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். 1990 அக்டோபர் 3 அன்று ஜெர்மனி ஒன்றிணைந்தது. வார்சா உடன்படிக்கை 1991 சூலையில் கலைக்கப்பட்டது.

1991 ஆகஸ்ட் 19 அன்று கொர்பச்சோவுக்கு எதிராகக் கட்சியின் பழமைவாதிகள் மேற்கொண்ட ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி மூன்று நாட்களில் தோல்வியுற்றது. அதன் பின் குடியரசுகள் ஒவ்வொன்றாக விடுதலையை அறிவித்தன. டிசம்பர் 8 அன்று ரஷ்யா, உக்ரைன், பெலருஸ் ஆகியவற்றின் தலைவர்கள் ஒன்றியம் முடிவுற்றதாக அறிவித்தனர். டிசம்பர் 25 அன்று கொர்பச்சோவ் பதவி விலகினார்.

தமிழ்நாட்டில் விளைவுகள்

வணிகமும் கடனும்

1991 இல் இந்தியா ஏற்கெனவே கடும் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இருந்தது. வளைகுடாப் போரின் எண்ணெய் விலை உயர்வு, பெருகிய வெளிக்கடன் ஆகியவை அதன் முதன்மைக் காரணங்கள். சோவியத் சந்தையின் சரிவு இந்நெருக்கடியை மேலும் கூட்டியது. 1992–93 இல் இந்திய ஏற்றுமதியில் ரஷ்யாவின் பங்கு சில விழுக்காடாகக் குறைந்தது. நீலகிரியின் சிறு தேயிலை உழவர்களும், வேலூர் மாவட்டத் தோல் தொழில் முனைவோரும் புதிய சந்தைகளைத் தேட வேண்டியதாயிற்று. தோல் தொழில் மேற்கு ஐரோப்பாவின் பக்கம் திரும்பியது. தேயிலையில் அம்மாற்றம் எளிதாக இருக்கவில்லை.

படைக்கலங்களுக்காக இந்தியா பட்டிருந்த கடன் மற்றொரு சிக்கலாக இருந்தது. அது ஏறத்தாழ 1,000 கோடி ரூபிள். வெளிச் சந்தையில் ரூபிளின் மதிப்பு பெரும் வீழ்ச்சி அடைந்ததால், அக்கடனை எந்த மதிப்பில் கணக்கிடுவது என்ற கேள்வி எழுந்தது. ரஷ்ய அதிபர் பரீஸ் யெல்ட்சின் 1993 சனவரியில் இந்தியா வந்தபோது உடன்பாடு எட்டப்பட்டது. அதன்படி கடனில் 63 விழுக்காடு, 1990 சனவரி 1 அன்றைய மாற்று விகிதப்படி ரூபாயாகக் கணக்கிடப்பட்டு, 2.4 விழுக்காடு வட்டியுடன் 12 ஆண்டுகளில் செலுத்தப்படும். எஞ்சிய 37 விழுக்காடு வட்டியின்றி 45 ஆண்டுகளில் செலுத்தப்படும். ரஷ்யா இத்தொகையைக் கொண்டு இந்தியப் பொருட்களை வாங்கும். மறைந்துவிட்ட ஒரு நாட்டின் பழைய நாணய மதிப்பை அடிப்படையாகக் கொண்ட இவ்வேற்பாடு இந்தியாவிற்கு மிகுந்த சுமை என்று அப்போது விமர்சிக்கப்பட்டது.

ஆவடி பீரங்கி வண்டிகள்

சோவியத் ஒன்றியத்தில் ஒரு பீரங்கி வண்டியின் உறுப்புகள் பல குடியரசுகளில் பரவியிருந்த தொழிற்சாலைகளில் உருவாயின. 1991 க்குப் பின் அவை வெவ்வேறு நாடுகளின் நிறுவனங்களாகின. முன்பு மாஸ்கோவில் ஓர் அமைச்சகத்துடன் பேசி முடித்த செயலுக்கு, இப்போது பலருடன் தனித்தனியே, அதுவும் டாலர் விலையில் பேச வேண்டியிருந்தது. உதிரி உறுப்புத் தட்டுப்பாடு இந்தியப் படைகள் அனைத்தையும் பாதித்தது. உள்நாட்டு உற்பத்தியின் பங்கை உயர்த்த வேண்டும் என்னும் அழுத்தம் ஆவடியில் கூடியது.

டி-72 வண்டிகளை முன்பு உரிமத்துடன் செய்த போலந்தும், செக்கோசிலோவாக்கியாவிலிருந்து பிரிந்த சிலோவாக்கியாவும் புதிய விற்பனையாளர்களாயின. பழுதான வண்டிகளை இழுத்து மீட்கும் கவச ஊர்திகளை இந்தியா இவ்விரு நாடுகளிலிருந்தும் வாங்கியது. போலந்து 1999 இல் நேட்டோவில் சேர்ந்தது. சோவியத் வடிவமைப்பிலான இந்திய வண்டிகளுக்குத் துணைக் கருவிகளை நேட்டோ உறுப்பு நாடொன்று வழங்கும் நிலை இவ்வாறு உருவானது.

மற்றொரு விளைவு எதிர்பாராதது. சோவியத் காலத்தில் பெரும் பீரங்கி வண்டி ஆலையாக விளங்கிய கார்கிவ் நகரின் ஆலை, தனி நாடான உக்ரைனுக்கு உரியதாயிற்று. வருமானம் தேடிய உக்ரைன், 1990களின் பிற்பகுதியில் 320 டி-80யுடி வண்டிகளைப் பாகிஸ்தானுக்கு விற்றது. சோவியத் ஒன்றியம் நிலைத்திருந்தால் இவ்விற்பனை நடந்திருக்க வாய்ப்பில்லை. இதற்கு மறுமொழியாக இந்தியா 2001 இல் ரஷ்யாவுடன் 310 டி-90 வண்டிகளுக்கு ஒப்பந்தம் செய்தது. அவற்றில் 124 முழுமையாக வந்தன. 186 வண்டிகளை உறுப்புகளாகப் பெற்று ஆவடியில் பொருத்த முடிவானது. ஆவடியில் உரிமத்தின் கீழ் உற்பத்தியான முதல் டி-90 பீஷ்மா வண்டிகள் 2009 ஆகஸ்டில் படையிடம் ஒப்படைக்கப்பட்டன.

இணையாக, 1974 இல் ஒப்புதல் பெற்று ஆவடியின் போர் ஊர்தி ஆய்வு மேம்பாட்டு நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் வண்டியும் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் உருவானது. 124 அர்ஜுன் வண்டிகளுக்கு 2000 இல் ஆணை வழங்கப்பட்டது. முதல் வண்டிகள் 2004 இல் ஒப்படைக்கப்பட்டன. இதன் பொறி ஜெர்மன் தயாரிப்பாகும். 2021 அக்டோபர் 1 அன்று இத்தொழிற்சாலை, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச ஊர்தி நிறுவனம் என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது.

கூடங்குளம்

1988 நவம்பர் 20 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் கொர்பச்சோவும் கூடங்குளத்தில் இரண்டு 1,000 மெகாவாட் அணு உலைகள் அமைக்க உடன்பாடு செய்தனர். உக்ரைனில் செர்னோபில் விபத்து நிகழ்ந்து (1986 ஏப்ரல் 26) இரண்டரை ஆண்டுகளே ஆகியிருந்தன. செர்னோபில் உலை வேறு வகையைச் சேர்ந்தது. கூடங்குளத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது அழுத்த நீர் உலை வகையான விவிஇஆர் ஆகும். எனினும் அப்பகுதி மீனவர்களிடையே அச்சமும் எதிர்ப்பும் தொடக்கத்திலேயே தோன்றின.

சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது திட்டம் நின்றுபோனது. கடன் வழங்கிய நாடே இல்லாமற் போயிற்று. அதோடு, அணு வழங்கு நாடுகள் குழு 1992 இல் தன் விதிகளைக் கடுமையாக்கியது. பன்னாட்டு முழுக் கண்காணிப்பை ஏற்காத இந்தியா போன்ற நாடுகளுக்கு உலைகள் வழங்க அவ்விதிகள் தடை விதித்தன. கூடங்குள உடன்பாடு அவ்விதிகளுக்கு முன்னரே ஏற்பட்டது என்று ரஷ்யா வாதிட்டது. பொக்ரான் அணுச் சோதனை நடந்து சில வாரங்களே ஆன நிலையில், 1998 சூன் 21 அன்று துணை உடன்பாடு கையெழுத்தாகித் திட்டம் மீண்டும் உயிர் பெற்றது.

கட்டுமானம் 2002 மார்ச்சில் தொடங்கியது. 2011 இல் சப்பானின் ஃபுக்குஷிமா விபத்திற்குப் பின் இடிந்தகரையை மையமாகக் கொண்டு பெரும் மக்கள் போராட்டம் எழுந்தது. முதல் அலகு 2013 சூலையில் தொடர்வினை நிலையை அடைந்து, 2014 டிசம்பர் 31 அன்று வணிக உற்பத்தியைத் தொடங்கியது. இரண்டாம் அலகு 2017 இல் வணிக உற்பத்திக்கு வந்தது. உடன்பாட்டிற்கும் முதல் அலகின் வணிக உற்பத்திக்கும் இடையே 26 ஆண்டுகள் கடந்தன.

நூல்கள்

மாஸ்கோவில் இந்திய மொழிப் பதிப்புகளுக்கு வழங்கப்பட்ட மானியம் நின்றது. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா ஆகியவற்றின் தமிழ்ப் பணிகள் முடிவுக்கு வந்தன. மொழிபெயர்ப்பாளர்கள் நாடு திரும்பினர். கையிருப்பில் இருந்த நூல்கள் சில ஆண்டுகளுக்கு விற்பனையாகி, பின்னர் பழைய புத்தகக் கடைகளில் தேடப்படும் அரும்பொருட்களாயின.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து இயங்கிவந்த நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம், இறக்குமதி நூல்களை நம்பியிருந்த நிலையிலிருந்து மாறி, தமிழ் நூல்களைத் தானே வெளியிடுவதில் கவனம் செலுத்தியது. முன்பு மாஸ்கோவில் அச்சான பல மொழிபெயர்ப்புகளைத் தமிழ்ப் பதிப்பகங்கள் மறுபதிப்புச் செய்தன. பாடநூலுக்கு வெளியே அறிவியலைத் தமிழில் படிக்க மீர் பதிப்பக நூல்கள் தந்த வாய்ப்புக்கு ஈடான ஏற்பாடு நெடுங்காலம் அமையவில்லை.

பொதுவுடைமைக் கட்சிகள்

இந்தியப் பொதுவுடைமைக் கட்சி 1964 இல் பிளவுபட்டது. சோவியத்-சீன முரண்பாடும், காங்கிரசு ஆட்சி குறித்த மதிப்பீடும் அப்பிளவின் காரணங்களுள் அடங்கும். இந்திய கம்யூனிஸ்ட் கட்சி மாஸ்கோவுடன் நெருக்கமாக இருந்தது. பி. ராமமூர்த்தி, என். சங்கரய்யா முதலியோர் மார்க்சிஸ்ட் கட்சியை அமைத்தோருள் அடங்குவர்.

சோவியத் ஒன்றியம் முடிவுற்ற சில நாட்களிலேயே, 1992 சனவரி 3 முதல் 9 வரை, மார்க்சிஸ்ட் கட்சியின் 14 ஆவது அகில இந்திய மாநாடு சென்னையில் நடைபெற்றது. இதனால் வீழ்ச்சியின் காரணங்களை உடனடியாக ஆராய வேண்டிய நிலை அம்மாநாட்டிற்கு ஏற்பட்டது. சோசலிசத்தைக் கட்டியமைத்ததில் நேர்ந்த தவறுகளும் திரிபுகளுமே வீழ்ச்சிக்குக் காரணம். கோட்பாடு தோற்கவில்லை என்று மாநாட்டின் தத்துவத் தீர்மானம் கூறியது. இ. எம். எஸ். நம்பூதிரிபாடிற்குப் பின் ஹர்கிஷன் சிங் சுர்ஜித் பொதுச்செயலாளரானார். கட்சி தன் பெயரையோ கொள்கை அடிப்படையையோ மாற்றவில்லை. அதே காலத்தில் ஐரோப்பாவின் பல பொதுவுடைமைக் கட்சிகள் பெயரை மாற்றிக்கொண்டன, சில கலைந்தன.

தமிழ்நாட்டில் இரு கட்சிகளும் நிலைத்திருந்ததற்கு அவற்றின் வேர்கள் உள்ளூரில் இருந்தமை ஒரு காரணமாகும். கீழத் தஞ்சைப் பகுதியின் வேளாண் தொழிலாளர் இயக்கம், கோவை மற்றும் சென்னையின் தொழிற்சங்கங்கள் ஆகியவை எந்த வெளிநாட்டு அரசையும் நம்பித் தோன்றியவை அல்ல. கிழக்கு ஐரோப்பிய ஆட்சிகளோ சோவியத் படையின் துணையில் நின்றவை. 2019 மக்களவைத் தேர்தலில் இவ்விரு கட்சிகளும் நாடு முழுவதும் பெற்ற ஐந்து இடங்களில் நான்கு தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. எனினும் அவை தி.மு.க. கூட்டணியின் வழியே பெற்ற வெற்றிகள் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மதிப்பீடு

கிழக்கு ஐரோப்பிய மக்களுக்கு 1989 விடுதலையின் ஆண்டு. இந்தியாவில் அது நம்பகமான துணையை இழப்பதன் தொடக்கமாகப் பலரால் உணரப்பட்டது. இவ்விரண்டு பார்வைகளும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாகும். இந்தியாவிற்குக் குறைந்த வட்டியில் மின்நிலையம் கட்டித் தந்த அரசும், புடாபெஸ்ட், பிராகா நகரத் தெருக்களுக்குப் பீரங்கி வண்டிகளை அனுப்பிய அரசும் ஒன்றே.

1955 இல் ஆவடியில் ஏற்கப்பட்ட பொருளாதாரக் கொள்கை, 1991 சூலையில் புதிய தொழிற்கொள்கை அறிவிக்கப்பட்டதுடன் பெரிதும் கைவிடப்பட்டது. அதன் உடனடிக் காரணம் இந்தியாவின் சொந்த நெருக்கடியே என்றாலும், மாற்று வழி ஒன்று உண்டு என்று காட்டிய நாடு அதே ஆண்டில் மறைந்தது அம்மாற்றத்திற்கான எதிர்ப்பை வலுவிழக்கச் செய்தது.

நெய்வேலியின் முதலாம் அனல்மின் நிலையம் ஏறத்தாழ 58 ஆண்டுகள் இயங்கி 2020 இல் மூடப்பட்டது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோது, அங்கு மருத்துவம் பயின்ற தமிழ்நாட்டு மாணவர்கள் பெருமளவில் மீட்டு அழைத்து வரப்பட்டனர். சோவியத் காலத்தில் தொடங்கிய கல்வி உறவின் தொடர்ச்சியாகவே அவர்கள் அங்கு சென்றிருந்தனர். 1991 இல் நாட்டு எல்லைகளாக மாறிய எல்லைகள் பற்றிய பூசல் தமிழ்நாட்டுக் குடும்பங்களை நேரடியாகத் தொட்ட நிகழ்வாக இது அமைந்தது.

காலக்கோடு

1955 சனவரி – ஆவடி காங்கிரசு மாநாடு
1961 – ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலை, பெர்லின் சுவர்
1962 – நெய்வேலி முதலாம் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு
1964 – இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் பிளவு
1971 ஆகஸ்ட் – இந்திய-சோவியத் நட்புறவு உடன்படிக்கை
1988 நவம்பர் – கூடங்குளம் உடன்பாடு
1989 நவம்பர் – பெர்லின் சுவர் திறப்பு
1991 டிசம்பர் – சோவியத் ஒன்றியத்தின் முடிவு
1992 சனவரி – மார்க்சிஸ்ட் கட்சியின் சென்னை மாநாடு
1993 சனவரி – ரூபாய்-ரூபிள் கடன் உடன்பாடு
1998 சூன் – கூடங்குளம் துணை உடன்பாடு
2001 – டி-90 ஒப்பந்தம்
2014 டிசம்பர் – கூடங்குளம் முதல் அலகின் வணிக உற்பத்தி

இவற்றையும் பார்க்கவும்

பனிப்போர்
இரும்புத் திரை
அணிசேரா இயக்கம்
ஆவடி
நெய்வேலி
கூடங்குளம் அணுமின் நிலையம்